இரட்டை முளை சுருண்ட பருவம்

சித்தி கூப்பிட்டு அனுப்பிய அன்று என்னை வீட்டுக்குள் விடவில்லை. நேராகப் பின்பக்கம் வரச் சொன்னாள். நிழல் வலைக்குக் கீழே இருந்த நாற்றுத் தட்டுகளை எல்லாம் நடைபாதையின் இரண்டு பக்கமும் பிரித்து அடுக்கியிருந்தாள். சித்தப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பக்கம் பாரு. அப்புறம் அந்தப் பக்கம் பாரு. பாத்துட்டு சொல்லு” என்றாள் சித்தி.

“என்ன சொல்லணும்?”

“இது ஏன் நல்லா இருக்கு, அது ஏன் அப்படி ஆயிடுச்சுன்னு.”

வலது பக்கம் வெங்காயமும் மக்காச்சோளமும் நேராக நின்றன. இடது பக்கம் தக்காளி, மிளகாய், கத்திரி, பீன்ஸ், சாமந்தி. அவற்றின் இலைகள் கிண்ணம்போல் உள்பக்கமாகக் குவிந்திருந்தன. குருத்து, மூடிய கைவிரல்களைப்போல் மடங்கியிருந்தது. தண்டு பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, பூச்சி கடித்த ஓட்டை இல்லை. நல்ல பச்சையாகவே இருந்தன. அதுதான் பார்க்க என்னவோபோல் இருந்தது.

“வைரஸா இருக்குமா சித்தி?”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். தக்காளிக்கு வர்றது வேற, பீன்ஸுக்கு வர்றது வேற. எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி வருமா? வீட்டுல இருக்கற எல்லாருக்கும் சேர்ந்தாப்பல தும்மல் வந்தா, ஜலதோஷமான்னா கேப்போம்? மிளகாயை வறுத்தது யாருன்னு கேப்போம்.”

“நான் வறுக்கல” என்றார் சித்தப்பா படியிலிருந்து.

“உங்களை யாரு கேட்டா. டீயைக் குடிங்க.”

“அகலமான இலை இருக்கறதெல்லாம் சுருண்டிருக்கா?” என்று கேட்டேன்.

“மக்காச்சோளம் அகலம் இல்லையா? அதோ பெரிய தொட்டில நிக்குது பாரு, கை அகலம் இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகல. இந்த முட்டைக்கோஸ் வேற என் உயிரை வாங்குது. நல்லாவும் இல்ல, மோசமாவும் இல்ல. எந்தப் பக்கம் வைக்கறதுன்னு தெரியாம நேத்துலேர்ந்து தூக்கிட்டு அலையறேன்.”

முட்டைக்கோஸ் தட்டு நடைபாதையின் நடுவில், வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மக்காச்சோள இலையையும் ஒரு தக்காளி இலையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை பக்கத்தில் பக்கத்தில் ஓடின. மற்றதில் வலைபோல் பின்னியிருந்தன. பள்ளிக்கூடத்தில் படித்தது முதலில் இன்னொரு மொழியில்தான் நினைவுக்கு வந்தது. பிறகு தமிழில் வந்தது.

“ஒருவித்திலை, இருவித்திலை” என்றேன். “பூக்கற செடிகளைப் பெரும்பாலும் இந்த ரெண்டு கூட்டமாத்தான் பிரிப்பாங்க சித்தி. ஒண்ணு முளைக்கும்போது ஒரே ஒரு இலையோட வரும், இன்னொண்ணு ரெண்டு இலையோட வரும். அந்த வித்தியாசம் அப்புறமும் தொடரும். நரம்புல இருக்கும், வேருல இருக்கும், பூவுல எத்தனை இதழ்ங்கறதுல இருக்கும்.”

“ஒத்தை முளை, ரெட்டை முளை” என்றாள் சித்தி. “முளைக்கறப்ப தினமும் பாக்கறேன். வளர்ந்ததுக்கு அப்புறம் அதை யாரு ஞாபகம் வச்சுக்கறா?” தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். நடுவில் நின்றாள். “முட்டைக்கோஸு?”

“அதுவும் ரெட்டைதான்.”

“அப்ப அதுக்கு இன்னும் நேரம் வரல” என்று சொல்லி அந்தத் தட்டைத் தூக்கி இடது பக்கம் வைத்தாள். பிறகு கேட்டாள்: “ஒத்தையை விட்டுட்டு ரெட்டையாப் பாத்துப் பிடிக்கற நோய் ஏதாவது இருக்கா?”

“நோய் இருக்கான்னு தெரியல. மருந்து இருக்கு. புல்வெளில முளைக்கற களைக்கு அடிப்பாங்க. புல்லு ஒத்தை முளை, அது அப்படியே இருக்கும். மத்ததெல்லாம் சுருண்டு செத்துடும்.”

படியில் டீ டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. சித்தியும் நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தப்பா ஊரின் பெரிய விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அந்தப் பகுதியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாத்துக்காரம்மா என்றால் பால் போடுகிறவர் முதல் தபால்காரர்வரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நீராவி ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டாள். வீட்டின் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் தக்காளி விதை போட்டாள். தனக்குத் தேவையானதைவிட அதிகமாக முளைத்ததை அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். மறுவருடம் அவர்களே வந்து வாசலில் நின்றார்கள். அப்படித்தான் அந்தத் தொழில் ஆரம்பித்தது.

அவளிடம் நாற்று வாங்குவது லேசான காரியமில்லை. பெண் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். வெயில் எந்தப் பக்கம் விழும், ஆடு வருமா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாம் கேட்பாள். எதிர்வீட்டு டெய்லரிடம் ஒருமுறை, “தண்ணி ஊத்தறது யாரு?” என்று கேட்டாள். “நான்தான்” என்றார் அவர். “அப்ப அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று உள்ளே போய்விட்டாள். டெய்லர் இதை அவராகவே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அடுத்த வருடம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போனார்.

நாற்றைவிட அவளுடைய மண்ணுக்குத்தான் பெயர். கறுப்பாக, பொலபொலவென்று, கையில் எடுத்தால் ஈரமும் ஒட்டாத பதமுமாக இருக்கும். காய்ந்த சருகு, சமையலறைக் கழிவு, பழைய சாணம், வெட்டிய புல் எல்லாவற்றையும் அடுக்கிக் குவித்து, கிளறி, மக்கவிட்டு, சல்லடையில் சலித்துச் சாக்கில் கட்டி விற்பாள். புல் சித்தப்பாவின் பங்கு. வெட்டி முடித்த பிறகு மெஷினின் பையில் சேர்ந்த புல்லை மூட்டை கட்டி வண்டியில் கொண்டுவருவார். கல்யாணமான புதிதில் அவர் கொடுத்த முதல் பரிசு ஒரு மூட்டை புல் என்று சித்தி சொல்லிக் காட்டுவாள். “அதுலயும் பாதி கல்லு” என்பாள். “கல்லு இருந்தாத்தான் கனமா இருக்கும், நீ சந்தோஷப்படுவன்னு நினைச்சேன்” என்பார் அவர்.

புல் விஷயத்தில் அவர்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. மஞ்சள் அடித்த புல், வாடிய புல், திட்டுத்திட்டாகக் காய்ந்த புல் வேண்டாம். அதில் ஏதாவது வியாதி இருக்கும், மருந்து கொட்டியிருக்கும். பச்சையாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். பல வருடங்களாக அந்தக் கட்டுப்பாடு அவர்களை ஏமாற்றியதில்லை.

நான் அன்று கிளம்புவதற்குள் சித்தப்பா வாய் திறந்தார். மைதானத்தைப் பராமரிக்கும் வேலை கைமாறியிருந்தது. புதிதாக எடுத்தவர்கள் போன பருவத்தில் முகமூடி போட்ட ஆட்களையும் தொட்டி வைத்த வண்டியையும் கொண்டுவந்து மைதானம் முழுவதும் மருந்து அடித்தார்கள். அதன் பிறகு படர்களைகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு செத்தன. புல் முன்னைவிடச் செழித்து வந்தது.

“அவங்ககிட்ட நீங்க ஒண்ணும் கேக்கலயா?” என்றாள் சித்தி.

“கேட்டேன். புல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க.”

“புல்லுக்கு ஆகாது. அதை வெட்டி எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்டீங்களா?”

“பச்சையா இருந்துச்சு” என்றார் சித்தப்பா. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அவ்வளவு பச்சையா நான் பாத்ததே இல்ல” என்றார்.

புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் புல்லுக்குள் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். அது தன்னைக் கொல்லாத ஒன்றைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மூட்டையில் ஏறி, குவியலில் மக்கி, சல்லடையில் சலிக்கப்பட்டு, சாக்குகளில் வெளியே போயிருந்தது.

சித்தப்பா ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பேசினார். மழையில் கழுவிப் போயிருக்கும் என்றார். மக்கும்போது குவியலுக்குள் கை வைக்க முடியாத சூடு இருக்குமே, அதில் போயிருக்கும் என்றார். போட்டுப் பார்த்துவிடலாம் என்றாள் சித்தி. மருந்து அடிப்பதற்கு முந்தைய பழைய மண் கொஞ்சம் தொட்டி அடியில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு சட்டி, புதுக் குவியலிலிருந்து ஒரு சட்டி. இரண்டிலும் பீன்ஸும் மக்காச்சோளமும் போட்டு, ஒரே பூவாளியால் தண்ணீர் ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். ரொட்டி வெட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தார்கள் என்று அம்மா வந்து சொன்னாள்.

முளைகள் இரண்டு சட்டியிலும் ஒரே மாதிரிதான் வந்தன. மக்காச்சோளம் ஊசிபோல் நேராக. பீன்ஸ் முதுகை வளைத்துக்கொண்டு வந்து, இரண்டாகப் பிளந்து. சித்தப்பா அன்று முழுவதும் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் வந்த இலைகள் பழைய மண்ணில் விரிந்தன. புது மண்ணில் விரியத் தொடங்கி, பாதியில் மனதை மாற்றிக்கொண்டதுபோல் உள்பக்கம் மடங்கின. மக்காச்சோளம் இரண்டிலும் நன்றாக இருந்தது.

இதற்கிடையில் வாசலில் ஆட்கள் வந்து மண் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தீர்ந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள் சித்தி. குவியல் பின்னால் இடுப்பளவுக்கு நின்றது. நடவு தொடங்கச் சில வாரங்களே இருந்தன. ஏற்கெனவே போன சாக்குகளை அதற்குள் திரும்ப வாங்க வேண்டும். தோட்டத்து மண்ணோடு ஒருமுறை கலந்துவிட்டால் பிரித்து எடுக்க யாராலும் முடியாது.

“வெளிய சொன்னா என் வேலை போயிடும்” என்றார் சித்தப்பா. “யாரைக் கேட்டுப் புல்லை எடுத்தேன்னு கேப்பாங்க.”

“சொல்லலன்னா?”

“சொல்லலன்னா நோய்னு நினைச்சுப்பாங்க. ஒரு பருவம் போகும். மறந்துடுவாங்க.”

“அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள் சித்தி. “நோய்னு நினைச்சு எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு, நல்ல மண்ணு வேணும்னு திரும்ப என்கிட்டயே வருவாங்க.”

மறுநாள் தள்ளுவண்டியைச் சித்தப்பாதான் வெளியே எடுத்தார்.

வீடு வீடாகப் போனார்கள். எதிர்வீட்டு டெய்லர் சாக்கைப் பிரிக்கவே இல்லை. “நாங்க சோம்பேறியா இருந்தது நல்லதாப் போச்சு” என்றார். சித்தி சிரிக்கவில்லை. சிலர் சாக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் நம்பாமல், கொட்டி வைத்திருந்த மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார்கள். மண் அவ்வளவு அழகாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்ததுபோல் மணத்தது. அதைக் கையில் அள்ளிக்கொண்டு, இதில் போய் என்ன இருக்கப்போகிறது என்று கேட்டார்கள்.

இரண்டு வீடுகளில் தமிழ் தெரியாது என்பதால் என்னைக் கூட்டிப் போனாள். முதல் வீட்டில் நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் தலையை ஆட்டிப் புன்னகைத்தார். வெளியே வரும்போது சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ என்ன சொன்ன? அந்தம்மா முகம் மாறவே இல்லையே.”

“மண்ணுல ஒரு பிரச்சினை இருக்குன்னு சொன்னேன்.”

“நான் உன்கிட்ட பிரச்சினைன்னா சொன்னேன்? விஷம்னு சொன்னேன். போய் அதைச் சொல்லிட்டு வா.”

திரும்பிப் போய்ச் சொன்னேன். இந்த முறை முகம் மாறியது.

தெரு மூலையில் தோட்டம் வைத்திருப்பவர், மண் அதிகம் வாங்கியவர்களில் ஒருவர். சந்தைக்குக் காய் போடுகிறவர். நாங்கள் போனபோது, எல்லோருக்கும் முன்பே மண்ணைப் பாத்தி முழுவதும் கலந்து, வேறு இடத்தில் வாங்கிய தக்காளி நாற்றை நட்டும் முடித்திருந்தார். செடிகள் வரிசையாக, தெளிவாக நின்றன.

“நல்லாத்தானே இருக்கு” என்று சிரித்தார். “உன்கிட்ட நாத்து வாங்கலன்னு கோபமா நாத்துக்காரம்மா?”

சித்தி முழங்காலிட்டு ஒரு செடியின் குருத்தை விரலால் நிமிர்த்தினாள். ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். தெரியாதவர்கள் கண்ணில் படாது. அடுத்த செடியைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். எழுந்து நின்று முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

“இந்த இடத்துல ரெட்டை முளை எதுவும் வைக்காதீங்க. வெங்காயம் வைங்க, மக்காச்சோளம் போடுங்க. அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“எத்தனை வருஷத்துக்கு?”

“தெரியாதுங்க.”

அவர் சிரிப்பதை நிறுத்தினார். சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, “நான் கொண்டுவந்த புல்லு” என்றார். அவர்கள் இருவரும் சிறுவயதிலிருந்து பழக்கம். தோட்டக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சில நாட்கள் கழித்து, காலியான சாக்குகள் ஒழுங்காக மடிக்கப்பட்டுச் சித்தி வீட்டு வாசலில் கிடந்தன. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள் சித்தி.

ஒருவரைத் தவிர எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த ஒருவர் பருவத் தொடக்கத்தில் கடன் வாங்கிய வண்டியோடு வந்தவர். வேற்று மொழிக்காரர். சித்திக்கு அந்த மொழியில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். அவர் மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு செய்கையிலேயே சித்திக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கையால் கேட்டாள். அவர் விரல்களைச் சுழற்றிச் சுழற்றி மேலே கொண்டுபோய்க் காட்டினார். கொடி. பீன்ஸாக இருக்கலாம், பட்டாணியாக இருக்கலாம். சித்தி ஒரு சாக்கு இனாமாகவும் ஏற்றி அனுப்பினாள். எங்கிருந்து வருகிறார், தண்ணீர் யார் ஊற்றுவார்கள், எதையும் கேட்க அவளுக்கு மொழி இல்லை. அவள் விசாரிக்காமல் அனுப்பிய ஒரே ஆள் அவர்தான். வண்டி பாலத்தைத் தாண்டிப் போனதை டெய்லர் பார்த்திருக்கிறார். பாலத்துக்கு அப்பால் சாலை மூன்றாகப் பிரிகிறது.

சித்தப்பா மூன்று சாலைகளிலும் போய்ப் பார்த்தார். டீக்கடைகளில் விசாரித்தார். வண்டி கொடுத்தவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மைதானத்திலும் அவரே போய்ச் சொன்னார். அவர்கள் கோபப்படவில்லை. புல்லின் நிலைமை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மெஷின் சாவியை வாங்கிக்கொண்டு, கேட் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்தபடி அவர் இப்போது பார்ப்பது, வெட்டிய புல்லை ஏற்றிக்கொண்டு வெளியே போகும் லாரியை. எங்கே போகிறது என்று ஓட்டுநரைக் கேட்டாராம். “வாங்கறவங்க வாங்கறாங்க” என்றாராம் அவர். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது சித்தப்பாவின் குரல் தாழ்ந்துவிடும்.

சித்தி வெங்காய நாற்று மட்டும் போடுகிறாள். முட்டைக்கோஸ் கடைசிவரை சுருளவே இல்லை. எந்த மருந்துக்கு எது தாங்கும் என்பது வேறு கணக்கு என்று நான் படித்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அதைப் பிடுங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. பின்பக்கத்தில் திரும்பிவந்த சாக்குகள் எல்லாம் கொட்டப்பட்டுக் குவியல் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. தார்ப்பாயால் மூடிக் கல் வைத்திருக்கிறாள். அதைப் புதைக்க இடமில்லை, கொட்ட இடமில்லை, யாரிடமும் கொடுக்க முடியாது. தார்ப்பாயின் ஓரத்தில் எப்போதோ விழுந்த விதையிலிருந்து ஒரு தக்காளிச் செடி வந்தது. சாகவில்லை. வளரவும் இல்லை. மூடிய கையோடு அங்கேயே நிற்கிறது. அவள் தினமும் அதைப் போய்ப் பார்க்கிறாள்.

என் வேலைக்காக நான் வாரத்தில் பாதி நாள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கிறது. போன முறை கிளம்பும்போது சித்தி பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள். நான் ஏறப் போகும்போது கேட்டாள்:

“நீ ஜன்னல் பக்கம்தானே உக்காருவ?”

“ஆமா சித்தி.”

“போனைப் பாத்துட்டே போகாத பாப்பா. வெளிய பாரு. யாரு வீட்டுத் தோட்டத்துலயாவது வெங்காயம் நேரா நின்னு, பந்தல்ல ஏற வேண்டிய கொடி மட்டும் சுருண்டு கிடந்தா, அங்கேயே இறங்கிடு. அவங்க பாஷைலயே கேளு, மண்ணு எங்க வாங்கினீங்கன்னு. என்கிட்ட வாங்கினதா இருந்தா, அவங்க திட்டறதை முழுசாக் கேட்டுக்கோ, நடுவுல பேசாத. அப்புறம், அந்த மண்ணை வேற யாருக்கும் அள்ளிக் குடுத்துட வேண்டாம்னு நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லு.”